Re: இமேஜ் பிரமிட் – ‘படக்கோபுரம்’ சரிவருமா?

வணக்கம். ஒரே படத்தைப் படிப்படியாகச் சுருக்கி, எல்லா அளவுகளையும் சேர்த்துச் சேமித்துவைப்பதை ஆங்கிலத்தில் ‘இமேஜ் பிரமிட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘படக்கோபுரம்’ சரிவருமா என்பதுதான் பேச்சு.

> ‘படவடுக்கு’ என்றே வைத்துவிடலாமே ஐயா. எல்லாம் அடுக்குதானே?

‘அடுக்கு’ வேண்டாம் ஐயா. அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. பழ ஈயின் மூளையை 40 நானோமீட்டர் கனத்தில் ஏறத்தாழ 7,000 சீவல்களாக அரிந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். அந்தச் சீவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதுதான் அடுக்கு. அதே தரவுக்குள் பிரமிடும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், எழுதுகிறவருக்கே குழப்பம் வரும்.

பிரமிட் செய்யும் வேலையைப் பாருங்கள். நுண்ணோக்கியில் படமெடுத்த 2 செ.மீ.க்கு 1.5 செ.மீ. அளவுள்ள திசுத்துண்டு, படப்புள்ளி (பிக்சல்) ஒன்றுக்கு 0.25 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 80,000 × 60,000, அதாவது 480 கோடிப் புள்ளிகள். முழுப் படத்தையும் ஏற்றினால் சாதாரணக் கணினி திணறிவிடும். அதனால் நீளம், அகலம் இரண்டையும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகிறோம். ஆறு முறை குறைத்தால் 1,250 × 937; திரைக்குள் அடங்கிவிடும். மூலப்படத்தையும் சேர்த்தால் ஏழு நிலை. ஏழுநிலைக் கோபுரம்! இத்தனை நிலைகளையும் சேமிக்கக் கூடுதலாகத் தேவைப்படும் இடம், மூலப்படத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

‘நிலை’ என்ற சொல் கோபுரத்தோடு தானாகவே வந்துவிடுகிறது. தனியாக உருவாக்க வேண்டியதில்லை. கோபுரத்தின் அடி பெரும்பாலும் நீள்சதுரம், நம் படங்களைப் போலவே. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஊருக்கு வெளியே வரும்போதே கோபுரத்தின் உச்சி தெரிந்துவிடும், அடித்தளத்துச் சிற்பத்தைப் பார்க்கக் கிட்டே போக வேண்டும். படம் காட்டும் மென்பொருளும் உச்சி நிலையைத்தான் முதலில் திறக்கிறது. பெரிதாக்கப் பெரிதாக்க, கீழ்நிலைகளிலிருந்து கண்ணுக்குப் படும் கட்டங்களை மட்டும் கொண்டுவருகிறது.

> கோபுரம் என்றால் கோயில்தானே நினைவுக்கு வரும்?

மின்கோபுரம், செல்போன் கோபுரம் என்றெல்லாம் நாளிதழ்களில் படிக்கிறோம். அப்போது யாருக்கும் கோயில் நினைவு வருவதில்லையே.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “படக்கோபுரத்தின் மேல்நிலையில் கட்டியின் ஓரத்தைக் குறித்துக்கொண்டு, அடிநிலைக்கு இறங்கி உட்கருக்களை எண்ணினோம்.” தடங்கலில்லாமல் வாசிக்க முடிகிறது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. மென்பொருள்கள் பலவற்றில் மூலப்படத்தின் நிலை எண் 0. நாம் கோபுர நிலையை 1 என்றுதான் எண்ணத் தொடங்குவோம். 0-ஐ ‘அடிநிலை’ என்று தனிப்பெயரிட்டு, அதற்கு மேலுள்ளதை ‘முதல்நிலை’ எனலாமா? திசுப்படங்களோடு அன்றாடம் பழகுகிறவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்