அப்டேட்: அக்கா மகளுக்கு எச்பிவி ஊசி போட்டாச்சு

மலேசியா, சுங்கை சிப்புட்லேர்ந்து முன்னாடி ஒரு கேள்வி போட்டிருந்தேன்ல, அக்கா மகளுக்கு 18 வயசு, கொரோனா எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) நேரத்துல ஸ்கூல் மூடிக் கெடந்ததால பாரம் ஒன்ல (13 வயசுல) போடற எச்பிவி ஊசி (கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வர வைக்கற வைரஸத் தடுக்கறது) விட்டுப்போச்சு, இப்ப போட்டா லேட்டான்னு. லேட்டு இல்லையாம்.

டவுன்ல பிரைவேட் கிளினிக்குக்குத்தான் கூட்டிட்டுப் போனோம். 20 வயசு வரைக்கும் ஒண்ணு இல்லாட்டி ரெண்டு டோஸ் போதும்னு டபிள்யூஎச்ஓ (உலகச் சுகாதார நிறுவனம்) 2022லயே சொல்லிட்டாங்களாம், டாக்டரு ரெண்டாவதும் போட்டுக்கலாம், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாரு. இம்யூனிட்டி கம்மியா உள்ளவங்களுக்குக் கணக்கு வேற.

எங்க தோட்டத்துப் பெரியம்மா ஒருத்தவங்க "கல்யாணம் ஆகாத புள்ளைக்கு எதுக்குடி இந்த ஊசி"ன்னு ஒரே சத்தம். அட, இது உடலுறவுல தொத்தற வைரஸ், அதுக்கு முன்னாடி போட்டாத்தானே நல்லது, ஏற்கெனவே தொத்தின வைரஸ இந்த ஊசி வெரட்டாது, வராம தடுக்க மட்டும்தான், கர்ப்பப்பை வாய் புற்றுநோய்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் எச்பிவி 16, 18 இந்த ரெண்டு வகையாலதான் வருதுன்னு சொன்னதும் கொஞ்சம் அடங்குனாங்க. ஊசிக்குள்ள வைரஸே இருக்குன்னு வேற பயம். அதுல இருக்கறது வைரஸோட மேல்கூடு மாதிரி செஞ்ச வெறும் புரதம் லா, உள்ள ஒண்ணும் கெடையாது.

கை வலி ஒரு நாளு, அவ்ளோதான். மயக்கம் வந்தாலும் வரும்னு மிஸ்ஸி (நர்ஸு) பதினஞ்சு நிமிஷம் உக்கார வச்சாங்க, இவ போன நோண்டிக்கிட்டு ஜாலியா இருந்தா.

ஊசி போட்டாலும் பின்னாடி பாப்ஸ்மியர் (கர்ப்பப்பை வாய் செல்லை எடுத்துப் பாக்கற டெஸ்ட்), இல்லாட்டி எச்பிவி டெஸ்ட் எடுக்கணுமாம், எல்லா வகையையும் ஊசி தடுக்காதுல்ல. தம்பிக்காரனுக்கும் போடலாம்னாங்க, பசங்களுக்குத் தொண்டைப் புற்றுநோய், மரு எல்லாம் இதே வைரஸால வரும். காசுதான் கொஞ்சம் கடிக்குது, அடுத்த சம்பளத்துக்கு அப்புறம் பாக்கணும்.