தோண்டிய சாலையின் கணக்கில் நம் நேரம் ஏன் இல்லை?

வெயில்குடை:
நெரிசலான நகரச் சாலை ஒன்றைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒப்பந்தத் தொகையில் ஜல்லி, தார், கூலி, இயந்திர வாடகை எல்லாம் இருக்கும். தினமும் 20,000 பேர் தலைக்குப் பத்து நிமிடம் காத்துக் கிடப்பது மட்டும் எந்த வரியிலும் இருக்காது. கூட்டினால் ஒரு நாளைக்கு 3,300 மணி நேரத்துக்கு மேல். அதோடு நின்றுகொண்டே எரியும் எரிபொருள், ஒரு நடை குறைந்துபோன சரக்கு வண்டி, ஆள் ஏறாத கடைகள். கட்டுவது நாம்தான், ரசீதுதான் வருவதில்லை.

தார்ச்சட்டி:
சாலை வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவன் சொல்கிறேன். பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டி மணிக்கூலியால் பெருக்கினால் பூதாகரமான தொகை வரத்தான் செய்யும். அந்தப் பத்து நிமிடம் மிச்சமானால் எல்லாரும் அதில் சம்பாதித்துவிடுவார்களா? கடையும் அப்படித்தான். இந்தத் தெருவில் வாங்காதவர் அடுத்த தெருவில் வாங்குவார், நகரத்துக்கு நஷ்டமில்லை.

அப்புறம், வேலையே செய்யாமல் விட்டால்? கனமான வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வண்டியின் ஒரு சக்கர அச்சில் இறங்கும் எடை இரண்டு மடங்கானால் சாலை வாங்கும் அடி ஏறத்தாழ 16 மடங்கு. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கிய ஆஷோ (மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனை தந்த கணக்கு இது. மேல்பூச்சோடு முடிய வேண்டியதைத் தள்ளிப்போட்டால் அடித்தளம் வரை பெயர்க்க வேண்டிவரும்.

வெயில்குடை:
அடுத்த தெருவில் விற்றால் இந்தத் தெருக் கடைக்காரரின் வாடகையை யார் கட்டுவது? நகரமா?

வேலை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சாலையை அடைத்து வைப்பதற்கு விலை போடுங்கள் என்கிறேன். லண்டனில் 2012 முதல், மிக நெரிசலான சாலைகளில் உச்ச நேரத்தில் இடத்தை அடைத்தால் நாளுக்கு 2,500 பவுண்டு வரை வாடகை. 1994 நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸின் சான்டா மோனிகா நெடுஞ்சாலைப் பாலங்கள் விழுந்தபோது, ஒரு நாள் முந்தினால் 2 லட்சம் டாலர் ஊக்கத்தொகை, பிந்தினால் அதே அளவு அபராதம். கெடு 140 நாள். 66 நாளில் திறந்துவிட்டார்கள்!

தார்ச்சட்டி:
இந்த உதாரணம் வரும் என்று தெரியும். முந்திய 74 நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர், அதுவும் பொதுப்பணம். தவிர, அது தரைக்கு மேலே நிற்கிற பாலம். நகரச் சாலைக்கு அடியில் தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்கேபிள் எல்லாம் வரைபடத்தில் ஓரிடம், குழியில் வேறிடம். வரைபடத்திலேயே இல்லாத கேபிள் ஒன்றால் ஒருமுறை பதினோரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதற்கும் அபராதம் என்றால் டெண்டரிலேயே ஏற்றிக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

ஓரநடை:
இருவரும் விட்டது ஒன்று: ஒரே சாலையைத் தண்ணீருக்கு ஒருமுறை, மின்சாரத்துக்கு ஒருமுறை, இணையத்துக்கு ஒருமுறை வெட்டுவது. எல்லாவற்றையும் ஒரே சுரங்கத்தில் கொண்டுபோக ஜப்பான் 1963லேயே தனிச்சட்டம் போட்டது.

தார்ச்சட்டி:
நல்லதுதான். அந்தச் சுரங்கத்துக்கு முதலில் எதைத் தோண்டுவதாம்? :)

வெயில்குடை:
சரி, கேபிள் உங்கள் தப்பில்லை. அபராதத்தை வரைபடம் கொடுத்தவரிடம் வாங்கட்டும். ஒன்று கேட்கிறேன். அந்தப் பதினோரு நாளும் தடுப்புகள் எங்கே இருந்தன?

தார்ச்சட்டி:
சாலையில்தான். எடுத்தால் மறுபடி அனுமதி வாங்க அலைய வேண்டும். வைத்திருந்தால்தான் காசு கட்ட வேண்டியதில்லையே.