பாட்காஸ்ட் பதிவில் 'ம்ம்ம்' என்று இரைச்சல்: எர்த் பிரச்சினையா?

வடசென்னையில் காசிமேடு, ராயபுரம் பக்கத்துப் பெரியவர்களிடம் பழைய பாக்ஸிங், கேரம் கதைகளைக் கேட்டு ஒரு பாட்காஸ்ட் செய்கிறோம். போன மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வீட்டு மாடிக்கு மாறினோம். அதிலிருந்து எல்லாப் பதிவிலும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல்.

ஷூர் எஸ்எம்58 மைக் இரண்டு, மைக்கை லேப்டாப்போடு இணைக்க ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸ், பதிவு செய்ய லேப்டாப்பில் ஆடாசிட்டி மென்பொருள். முன்பிருந்த வீட்டில் இதே செட் சுத்தமாகப் பதிவு செய்தது. இங்கே சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் குறைகிறது, ஆனால் பேட்டரி பழசு, ஒரு பேட்டி முடியும்வரை தாங்காது. மைக்கின் உலோகப் பகுதியைக் கையால் பிடித்தாலும் குறைகிறது. கையை எடுத்தால் திரும்ப வந்துவிடும்.

கேபிள் மாற்றியாச்சு. ஃபேன், டியூப்லைட், ஃபிரிட்ஜ் எல்லாம் அணைத்தும் பார்த்தாச்சு. ஆடாசிட்டியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டினால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்குகிறது, அதன் மடங்குகளான 100, 150 அப்படியே நிற்கின்றன. நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கொஞ்சம் கூட்டினால் தாத்தா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடுகிறது. அந்தக் கரகரத்த குரலுக்காகத்தான் ஆட்கள் கேட்கிறார்கள், அதைக் கெடுக்க மனசில்லை.

சுவரில் மூன்று துளை சாக்கெட்தான். எர்த் ஒயர் உண்மையிலேயே மண்வரை போகிறதா என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன், கோளாறு வீட்டு எர்த்திலா எங்கள் செட்டிலா என்று பாதுகாப்பாகக் கண்டுபிடிக்க என்ன வழி?