70 செ.மீ. அகலத்தில் காபி மூலை: அளவு சரிவருமா?

மூலைமேடை:
ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே 70 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் ஒரு சுவர்ப் பள்ளம் சும்மா கிடக்கு. அதைக் காபிக்கு ஒதுக்க யோசனை. எஸ்பிரெஸோ மெஷின் (அகலம் 25, ஆழம் 32, உயரம் 38, 1350 வாட்; தண்ணீர் டேங்க் 22 செ.மீ., மேல்பக்கமாத் தூக்கி எடுக்கணும்), கிரைண்டர் (அகலம் 15, உயரம் 40), 1800 வாட் கெட்டில், மூணும் வரணும். மேடை அடிக்கவா, சக்கர டிராலி போதுமா? மேடையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் மூடின அலமாரி வைக்கலாமா?

ஆணிசுத்தி:
45 போதாது. மெஷின் 38, டேங்க் வெளியே வர 22, கை நுழைய 5. ஆக 65 செ.மீ. வேணும். இல்லாட்டி ஒவ்வொரு தடவை தண்ணி ஊத்தவும் மெஷினையே முன்னால இழுக்கணும். கப் வைக்கத்தான் அலமாரின்னா 15 செ.மீ. ஆழத்தில் திறந்த தட்டு ஒண்ணு, டேங்குக்கு நேர் மேலே வராத மாதிரி அடிங்க. பால் நுரைக்கிற நீராவிக் குழாய்க்கு மேலே பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) கூடவே கூடாது. அடிப்பக்க விளிம்பில் ஈரம் ஏறி ஊதிடும்.

டிராலி வேண்டாம். போர்ட்டாஃபில்டரை (காபிப்பொடி போட்டு மெஷின்ல மாட்டுற, கைப்பிடி வெச்ச வடிகட்டி) மாட்டித் திருகும்போதும் பொடியை அழுத்தும்போதும் நல்ல பலம் விழும். பிரேக் போட்ட சக்கரமும் ஆடும். சுவரில் ஆங்கிள் (எல் வடிவ இரும்புத் தாங்கி) அடிச்சு 18 மி.மீ. நீர்ப்புகா ப்ளைவுட், மேலே லேமினேட். முன்விளிம்பை நல்லா சீல் பண்ணுங்க, முதலில் பிரிஞ்சு வர்ற இடம் அதுதான். சுவரும் மேடையும் சேரும் இடுக்கில் சிலிக்கான் அடிக்கணும்; காபித்தூள் உள்ளே போனா வெளியே எடுக்க வழியே இல்ல.

மேடை உயரத்துக்கு 90 செ.மீ.ன்னு கண்ணை மூடிட்டு முடிவு பண்ணாதீங்க. நின்னு முழங்கையை மடக்கி, அதுக்கு 10–15 செ.மீ. கீழே மேடை வந்தா மணிக்கட்டு வளையாம அழுத்தலாம்.

டிகாக்ஷன்பிரியர்:
எதை எந்தப் பக்கம் வைக்கிறோம்கிறதுலதான் பாதி பேர் கோட்டை விடுவாங்க. பெரும்பாலான மெஷின்களில் போர்ட்டாஃபில்டர் கைப்பிடி இடப்பக்கமா நுழைஞ்சு நடுவுக்குத் திரும்பும். இடது ஓரத்தில் கிரைண்டரை ஒட்டி வெச்சா கைப்பிடி போய் இடிக்கும். இடமிருந்து வலமா: சுவர் இடைவெளி 2, கிரைண்டர் 15, காலியிடம் 21, மெஷின் 25, வலச் சுவர் வரை 7. மொத்தம் 70. அந்த 21 செ.மீ.தான் பொடி அழுத்தும் இடம், கைப்பிடி திரும்பும் இடமும் அதுவே. நீராவிக் குழாய் வலப்பக்கம்னா அந்த 7 பத்துமான்னு குழாயை வெளியே திருப்பிப் பாருங்க.

ஆழத்தில் 45 இருந்தாலும் மெஷினுக்குப் பின்னால 5 செ.மீ. விடணும். மிச்சம் 8தான். கைப்பிடி மேடையைத் தாண்டி நீட்டும், நடைபாதை குறுகலா இருந்தா இடுப்புல இடிக்கும். கணக்குல கெட்டிலுக்கு இடமில்ல. அது சின்க் பக்கமே இருக்கட்டும்.

ஃபியூஸ்கட்டை:
கரண்ட் பத்தி யாரும் பேசலையே. 1350 + 1800 = 3150 வாட். 230 வோல்ட்டில் 13.7 ஆம்பியர். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ரெண்டையும் சொருகினா ப்ளக் முனை சூடாகி உருகும். கெட்டில் வேற லைன்ல இருக்கட்டும். மெஷினுக்குத் தனியா 16 ஆம்பியர் பாயிண்ட், மின்கசிவு ஏற்பட்டா துண்டிக்கிற பிரேக்கரோட. பாயிண்ட் மேடைக்கு 20 செ.மீ. மேலே, பக்கச் சுவரில் வரணும். மெஷினுக்குப் பின்னால வெச்சா அவசரத்துக்குக் கை எட்டாது. டேங்குக்குக் கீழே வந்தா சிந்துற தண்ணி அதுலதான் விழும்.

மூலைமேடை:
தெளிவா இருக்கு, நன்றி. கொட்டை டப்பாவை மெஷின் தலையில, கப் சூடேத்துற தட்டுல வெச்சுக்கலாமா? அரைச்ச சக்கையை எங்கே தட்டுறது?

டிகாக்ஷன்பிரியர்:
அங்கே வேண்டவே வேண்டாம். சூட்டில் மணம் சீக்கிரம் போயிடும். மேடைக்குக் கீழே ஒரு டிராயர், காற்றுப் புகாத டப்பா. வெளிச்சமும் படாது. சக்கைக்கு அதே டிராயர்ல, தட்டுறதுக்குக் குறுக்கே ரப்பர் சுத்தின கம்பி வெச்ச டப்பா, தினமும் காலி பண்ணணும். ஈரச்சக்கையை விட்டு வெச்சா பூசணம் பிடிக்கும். சின்க்ல மட்டும் கொட்டாதீங்க, குழாய் வளைவுல போய்ப் படிஞ்சு அடைச்சுக்கும்.