வெளியூர் ஆட்களுக்கு வி.ஆர். கண்ணாடியில் வெள்ளம் காட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா?

கொள்ளிடக்கரை

ஆடிப்பெருக்கு அன்று நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. கும்பகோணம் பக்கம் ஒரு படித்துறையைக் கோடையிலேயே 360 டிகிரி கேமராவில் எடுத்து, கண்ணாடியைத் தலையில் மாட்டினால் அங்கேயே நிற்பது போலவும், தண்ணீர் படிப்படியாக ஏறுவது போலவும் தெரியும்படி செய்திருந்தோம். எந்தப் படி வழுக்கும், எங்கே இழுக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். காரில் வந்து காதோலை கருகமணி விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்காகத்தான் செய்தோம்.

சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், சிரித்துக்கொண்டேதான் மாட்டினார். மூன்றாவது படி மூழ்கியதும் இடது கையால் புடவைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டார். வலது கை பக்கத்தில் காற்றைத் துழாவியது. "தம்பி எங்க? தம்பி எங்க?" பேரன் பின்னால் நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தான். கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டார்.

அடுத்துப் பார்த்த மூன்று பையன்கள் "செம" என்று சொல்லிவிட்டு நேரே ஆற்றில் குதித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர்கள் கரையேறும் வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே படம்தானே, ஏன் இப்படி?

படுகைவயல்

படித்துறையில் தண்ணீர் ஏறுவது சரி. மழையே இல்லாத நாளில் வெள்ளம் வரும் என்பதை உங்கள் படம் சொல்கிறதா?

2018 ஆகஸ்ட். எங்கள் ஆற்றோரப் படுகையில் ராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பெய்ததெல்லாம் குடகிலும் வயநாட்டிலும். கர்நாடகத்தில் கபினி, கே.ஆர்.எஸ். அணைகள் நிரம்பி, மேட்டூர் அணையும் முழு அளவான 120 அடி ஆகி, உபரி முழுக்கக் கொள்ளிடத்தில் வந்தது. ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குள் சொன்னார்கள், படுகைக்குக் கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். ஆட்டுக்காரர்களின் தலைவரான கீதாரி வானத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "மழையே காணோமே தம்பி."

விடியற்காலையில் போனால், பால்குட்டிகளைக் கவிழ்த்து மூடியிருந்த கூடைகள் மிதக்கின்றன. அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் படம் காட்டுவதென்றால் குடகு மழையில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

வேளாங்கண்ணி விடுதி

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் விடுதி வரவேற்பறையில் சுனாமிப் படம் வைத்திருந்தார்கள். கேரளாவிலிருந்து வந்த ஒருவருக்கு நான்தான் மாட்டிவிட்டேன். அலை கரையைத் தாண்டியதும் பிடுங்கி எறிந்தார். பட்டை காதில் கிழித்து ரத்தம் வந்தது, அது அவருக்குத் தெரியவே இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று அண்ணனோடு இங்கே வந்திருந்தாராம். தனியாகத் திரும்பியிருக்கிறார்.

ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டியிருக்கலாம்.

நெல்அரவை

கொள்ளிடக்கரை, அந்தப் பையன்கள் மேல் தப்பில்லை. உங்கள் படத்தில் தண்ணீர் ஏறுகிறது, ஆளை இழுக்கவில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், ஒரு அடியில் காரே நகர ஆரம்பிக்கும். அதைக் காட்டுங்கள். மணல் அள்ளிய குழியைக் காட்டுங்கள். முழங்கால் தண்ணீர் என்று நினைத்து வைக்கிற அடுத்த அடியில்தான் ஆள் போகிறான், மேலிருந்து பார்த்தால் அது தெரியாது. கண்ணாடிக்குள் தண்ணீருக்கு அடியிலேயே கொண்டுபோய்க் காட்டலாமே.

"1 லட்சம் கன அடி திறப்பு" என்று எழுத்தில் போடாதீர்கள், வெளியூர்க்காரருக்கு அது புரியாது. நொடிக்கு 28 லட்சம் லிட்டர். படத்திலேயே, மேட்டூரில் அந்தத் தண்ணீர் பாய்வதற்குப் பக்கத்தில் ஆளை ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள், போதும். படுகைவயல் சொன்னதும் அதோடு சேர்ந்துவிடும். வேளாங்கண்ணிக்காரர் சொன்னது போல முதலில் கேட்டுவிட்டு மாட்டுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தலை சுற்றும். திருவிழாக் கூட்டத்திலும் வைக்காதீர்கள், விளையாட்டுச் சாமானாகிவிடும். முந்தின நாள் சாயங்காலம் லாட்ஜில் வையுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, அதைக் கடைசியில் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் கதை இவ்வளவுதான். எங்கள் அரவை மில்லில் ஒடிசா தொழிலாளர்களுக்கு இப்படி ஒரு படம் காட்டினார்கள், தமிழ்க் குரலோடு. எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் ஒரு பையன் மட்டும் கழற்றாமலே இந்தியில் கேட்டான்: "எந்தப் பக்கம் ஓடணும்?" படத்தில் அது இல்லை. எங்களுக்கும் உடனே சொல்ல வரவில்லை.

கொள்ளிடக்கரை

அதை முதலில் சேர்க்கிறோம், அண்ணே. படுகைவயல், அந்தக் கீதாரி இப்போதும் வருகிறாரா?

படுகைவயல்

அந்த வருஷத்தோடு சரி, வரவில்லை. வேறு ஆட்கள் வருகிறார்கள். ஆனி பிறந்துவிட்டால் மேட்டு வயலில்தான் கிடை போடச் சொல்கிறேன்.