திருகோணமலையில் நின்ற ‘மெய்ட்ஸ்டோன்’ தாய்க்கப்பலும் பெல்பாஸ்ட் சிறைக்கப்பலும் ஒன்றுதானா?

கோணேசர்பூமி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மப்பா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் திருகோணமலை டொக்யார்டில் தச்சு வேலை பார்த்தவர். நான் சிறுவனாக இருந்த நாட்களில், பொழுதுபட்ட பிறகு சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, துறைமுகத்தில் தான் கண்ட கப்பல்களைப் பற்றி நெடுநேரம் சொல்லுவார். அவற்றில் அவர் அடிக்கடி சொன்ன பெயர் ‘மேட்ஸ்டன்’. நீர்மூழ்கிகள் அதன் விலாவோடு குட்டிகளைப் போல ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். காற்று கரைப்பக்கம் வீசினால் அந்தக் கப்பலில் பாண் சுடும் வாசம் டொக்யார்ட் வரைக்கும் வருமாம். ஒருமுறை ஒரு நீர்மூழ்கி, கருவாட்டுக்குக் கீறிய மீனைப் போல ஒரு பக்கம் முழுவதும் கிழிந்து திரும்பி வந்ததையும் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

சென்ற மாதம் வட அயர்லாந்தின் வரலாற்றைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, 1971இல் விசாரணையின்றிக் கைது செய்யப்பட்டவர்களை அடைத்து வைத்த கப்பலின் பெயரும் மெய்ட்ஸ்டோன் என்று கண்டேன். இரண்டும் ஒரே கப்பலா, அல்லது பெயர் மட்டும் ஒன்றா? நீர்மூழ்கிகளின் தாய்க்கப்பல் என்பது உண்மையில் என்ன வேலை செய்தது? அந்தக் கிழிந்த நீர்மூழ்கி எது? இவற்றை அறிந்தவர்கள் சொன்னால், அம்மப்பாவின் நினைவுகளை எழுதி வைக்க முயலும் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

அலைவரி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். இரண்டும் ஒரே கப்பல்தான். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1937 அக்டோபர் 21 அன்று நீரில் இறக்கப்பட்டு, மறு ஆண்டு பணியில் சேர்ந்த இந்தக் கப்பலின் எடை 8,900 டன். எட்டு 4.5 அங்குலப் பீரங்கிகள் அதில் இருந்தன என்றாலும் அவை தற்காப்புக்காக மட்டுமே. கப்பலின் பலம் உள்ளே இருந்த பணிமனைகளில் இருந்தது: வார்ப்பு வேலை, செம்புக் குழாய் வேலை, மரவேலை, கடைசல் வேலை, மின் வேலை, டார்பிடோ பழுது பார்த்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக்கூடம் உண்டு. ஒன்பது நீர்மூழ்கிகளை ஒரே நேரத்தில் பராமரிக்கவும், நூற்றுக்கும் மேற்பட்ட டார்பிடோக்களைச் சேமித்துக் கொடுக்கவும் ஏற்றவாறு அதைக் கட்டியிருந்தார்கள். மருத்துவமனை, அறுவைக் கூடம், பல் மருத்துவம், நீராவிச் சலவைக்கூடம், திரையரங்கு, வழிபாட்டிடம் எல்லாம் இருந்தன. ரொட்டி அடுமனையும் இருந்தது; ஆகவே உங்கள் அம்மப்பா சொன்ன பாண் வாசத்தில் ஐயம் கொள்ள ஒன்றுமில்லை.

இத்தகைய கப்பல் ஒன்றை இழப்பது எவ்வளவு பெரிய அடி என்பது 1942இல் தெரிந்தது. நீர்மூழ்கித் தாய்க்கப்பலாகவே திட்டமிட்டு பிரிட்டிஷ் கடற்படை முதன்முதலில் கட்டிய ‘மெட்வே’, ஜெர்மன் தளபதி ரோமலின் படை நெருங்கியதால் அலெக்சாந்திரியாவை விட்டு வெளியேறியபோது, ஜூன் 30 அன்று ஜெர்மனியின் யூ-372 நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. அதனோடு போன உதிரிப் பாகங்களையும் டார்பிடோக்களையும் போர்க்காலத்தில் ஈடு செய்வது எளிதாக இல்லை. அதன் பிறகு மத்தியதரைக் கடலில் மெய்ட்ஸ்டோனின் பொறுப்பு கூடியது. ஜிப்ரால்டரில் நின்று எட்டாவது நீர்மூழ்கி அணியைக் கவனித்த அது, 1942 இறுதியில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கிய பின் அல்ஜியர்சுக்குச் சென்றது. அந்தத் தரையிறக்கத்துக்கு முன்பு அமெரிக்கத் தளபதி மார்க் கிளார்க்கை இரகசியமாக அல்ஜீரியக் கரைக்குக் கொண்டுபோன ‘செராஃப்’ இந்த அணியைச் சேர்ந்த நீர்மூழ்கியே.

1943 நவம்பரில் கீழைக் கடற்படைக்கு ஒதுக்கப்பட்ட மெய்ட்ஸ்டோன், 1944இல் திருகோணமலையில் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டிலுக்கு மாறியது. அதாவது, உங்கள் அம்மப்பா அதைப் பார்த்த காலம் சில மாதங்கள்தான். போர் முடிந்ததும், 1945 செப்டம்பரில் இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த செலிபஸ் தீவின் மக்காசருக்குச் சென்று, ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த பிரிட்டிஷ் கடற்படையினரை ஏற்றிக்கொண்டு ஃப்ரீமேண்டில் திரும்பியது. அவர்களில் பலர் 1942 மார்ச் 1 அன்று மூழ்கிய ‘எக்செட்டர்’ கப்பலின் மாலுமிகள். மூன்றரை ஆண்டுகள் கைதிகளாகக் கிடந்தவர்கள்.

போருக்குப் பிந்தைய காலத்தில் ஒரு நாளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1955 ஜூன் 16 காலையில், இங்கிலாந்தின் போர்ட்லாண்ட் துறைமுகத்தில், மெய்ட்ஸ்டோனை ஒட்டி ‘சைடன்’ என்ற நீர்மூழ்கி கட்டப்பட்டிருந்தது. செறிவூட்டிய ஹைட்ரஜன் பெராக்சைடில் இயங்கும் புதுவகை டார்பிடோ ஒன்றைச் சோதனைக்காக அதன் குழாயில் ஏற்றியிருந்தார்கள். வெடிமருந்து எதுவும் அதில் இல்லை. ஆனால் பெராக்சைடு வெடித்து, முன்பக்கத்து இரண்டு தடுப்புச் சுவர்களைப் பிளந்தது. தாய்க்கப்பலிலிருந்து மீட்புக் குழு உடனே இறங்கியது. அதில் ஒருவர் சார்லஸ் ரோட்ஸ் என்ற இளம் மருத்துவர். காயமடைந்தவரை மேலே கொண்டுவர உதவிவிட்டு, தனக்குப் பழக்கமில்லாத சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு, புகை நிறைந்த அந்தக் குறுகிய வழியில் மறுபடியும் இறங்கினார். மூச்சுத் திணறி உள்ளேயே இறந்தார். ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்களில் சைடன் துறைமுகத்தின் அடியில் கிடந்தது. மருத்துவரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் மாண்டார்கள். பிறர் உயிரைக் காக்கும் துணிவுக்கான ஆல்பர்ட் பதக்கம் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ரஷ்யாவின் ‘கூர்ஸ்க்’ நீர்மூழ்கி மூழ்கியதற்கும் இதே பெராக்சைடுதான் காரணம் என்பதை வாசித்த நாளில், நெஞ்சு கனத்துப்போனது.

பின்னர் பெரிய அளவில் சீரமைக்கப்பட்டு, அணுசக்தி நீர்மூழ்கிகளையும் பராமரிக்கும் வசதியோடு 1960களில் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் நின்றது. அங்கே நிலத்திலேயே தளம் எழுந்ததும், கப்பலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பெல்பாஸ்ட் கதையை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

விசாகை மாலுமி எழுதியது:

நான் இந்தியக் கடற்படையில் மின்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மெய்ட்ஸ்டோனை நான் பார்த்ததில்லை. ஆனால் நம் கடற்படைக்கும் சோவியத் நாட்டில் கட்டிய ‘அம்பா’ என்ற தாய்க்கப்பல் இருந்தது. 1968இல் சேர்ந்து 2006இல் ஓய்வு பெற்றது. அதில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், தாய்க்கப்பல் என்ன செய்யும் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

டீசல்-மின் நீர்மூழ்கி நீருக்கடியில் ஓடுவது பேட்டரியின் பலத்தால் மட்டுமே. மெய்ட்ஸ்டோன் காலத்து ‘டி’ வகை நீர்மூழ்கியில் 336 ஈய-அமில மின்கலங்கள் இருந்தன. ரோந்து முடிந்து வந்ததும், ஒவ்வொரு கலத்தின் அமில அடர்த்தியையும் அளந்து குறித்து, குறைந்த இடத்தில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, மின்னேற்ற வேண்டும். பேட்டரி அறையின் கூரை மிகவும் தாழ்வானது. கலங்களின் மேல் பலகை போட்டு, வயிற்றால் ஊர்ந்துதான் போவோம். ஒரு கையில் விளக்கும் மறுகையில் அடர்த்திமானியும் இருக்கும். சட்டைப்பையில் ஒரு நாணயம் கூட வைத்திருக்கக் கூடாது, ஏனென்றால் அது விழுந்து இரு முனைகளைத் தொட்டால் பொறி பறக்கும். மின்னேற்றும்போது எழும் ஹைட்ரஜனுக்கு அந்தப் பொறி போதும். இந்த வேலைக்கான மின்சாரம், வடித்த நீர், அமிலம், காற்றோட்டம் எல்லாம் தாய்க்கப்பலிலிருந்தே வரும். நீர்மூழ்கியின் சொந்த எஞ்சின்கள் அந்த நேரத்தில் பிரிந்து பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

டார்பிடோவும் அப்படித்தான். ஒன்றரை டன் எடையுள்ள அந்த இயந்திரத்தை வாங்கி அடுக்கி வைத்தால் போதாது. அதன் காற்றுக்கலன், சுழல்மானி, ஆழக்கட்டுப்பாடு ஆகியவற்றை அவ்வப்போது பிரித்துச் சோதித்தால்தான் நேராக ஓடும். ஓட்டம் ஒரு பாகை பிசகினாலும், உயிரைப் பணயம் வைத்து நெருங்கிச் சென்ற நீர்மூழ்கியின் உழைப்பு வீணாகிவிடும். அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் குளிக்காமல், மூச்சுக்காற்றில் எண்ணெய் மணத்தோடு வாழ்ந்த மனிதனுக்கு, தாய்க்கப்பலில் கிடைக்கும் முதல் சுடுநீர்க் குளியலும் உலர்ந்த படுக்கையும் என்ன என்பது அனுபவித்தவருக்கே தெரியும். உங்கள் தாத்தா குட்டிகள் என்று சொன்னாரே, அதைவிடப் பொருத்தமாக எனக்கும் சொல்லத் தெரியாது.

நீலவிளிம்பு எழுதியது:

கிழிந்த நீர்மூழ்கியைப் பற்றி: அது ‘டாலி-ஹோ’வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1944 ஜனவரி 11 அன்று பினாங்கு அருகே ‘குமா’ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்த அதே நீர்மூழ்கிதான். மறு மாதம் மலாக்கா நீரிணையில், இரவில் நீர்மேல் நின்ற அதன் மீது ஜப்பானிய டார்பிடோப் படகு ஒன்று மோத வந்தது. இரண்டும் உரசிக்கொண்டு எதிரெதிரே கடந்தபோது, படகின் சுழலி இடப்பக்கத்து மிதவைத் தொட்டிகளை வரிசையாகக் கீறிவிட்டது. நல்ல வேளையாக, ஆட்கள் இருக்கும் உட்கூட்டுக்குச் சேதமில்லை. சாய்ந்தபடியே, தளபதி பென்னிங்டன் அதைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஆனால் ஒரு திருத்தம். டாலி-ஹோ நான்காவது அணியைச் சேர்ந்தது. அந்த அணியின் தாய்க்கப்பல் மெய்ட்ஸ்டோன் அல்ல, ‘அடமண்ட்’. போதாததற்கு, பயணியர் கப்பலாக இருந்து மாற்றப்பட்ட ‘வுல்ஃப்’ என்ற மூன்றாவது தாய்க்கப்பலும் 1944இல் அங்கே வந்தது. ஆகவே உங்கள் அம்மப்பா ஒன்றுக்கு மேற்பட்ட தாய்க்கப்பல்களைப் பார்த்திருப்பார். நினைவில் அவை ஒன்றாகக் கலந்திருக்கவும் கூடும். பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு: மெய்ட்ஸ்டோனுக்குப் புகைபோக்கி ஒன்று, அடமண்டுக்கு இரண்டு. அவர் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

வடதீவு எழுதியது:

நான் பெல்பாஸ்டில் வாழ்பவன். 1969இல் வட அயர்லாந்தில் கலவரம் மூண்டபோது அனுப்பப்பட்ட படையினர் தங்குவதற்காக மெய்ட்ஸ்டோனை இழுத்து வந்து இங்கே துறைமுகத்தில் நிறுத்தினார்கள். 1971 ஆகஸ்ட் 9 அன்று விசாரணையின்றித் தடுத்து வைக்கும் நடவடிக்கை தொடங்கியதும், பிடிபட்டவர்களை அடைக்கச் சிறைகள் போதாமல், கப்பலின் பின்பகுதி சிறையாக்கப்பட்டது. பிற்காலத்தில் சின் ஃபெய்ன் கட்சித் தலைவரான ஜெர்ரி ஆடம்சும் அங்கே அடைக்கப்பட்டவர்களுள் ஒருவர்.

1972 ஜனவரி 17 அன்று ஏழு கைதிகள் தப்பினார்கள். கப்பலைச் சுற்றியிருந்த முள்கம்பித் தடுப்பை ஒரு கடல்நாய் தாண்டி வந்து போவதைக் கண்டு, ஆள் நுழையவும் இடைவெளி இருக்கிறது என்று அறிந்துகொண்டார்கள். வட்டச் சாளரத்தின் கம்பியை அறுத்து, குளிர் தாங்குவதற்காக உடம்பில் வெண்ணெயும் காலணிப் பாலிஷும் பூசிக்கொண்டு, கப்பலைக் கட்டியிருந்த வடத்தைப் பற்றி இறங்கி, உறைநிலையை ஒட்டிய நீரில் நீந்திக் கரை சேர்ந்து, ஒரு பேருந்தைக் கைப்பற்றிக்கொண்டு நகருக்குள் மறைந்தார்கள். அவர்களைப் போற்றுவோரும் வெறுப்போரும் இன்றும் இவ்வூரில் உண்டு. இரு தரப்பிலும் துயரம் கண்டவர்கள் என் அயலவர்களாக இருப்பதால், அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அந்த ஏப்ரலில் கப்பற்சிறை மூடப்பட்டது. 1978இல் கப்பலை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

என்னை உறுத்துவது இதுதான். அதைச் சிறையாக்க முடிந்ததற்குக் காரணம், நூற்றுக்கணக்கானோர் உண்டு உறங்கிக் குளிக்க அதில் ஏற்கெனவே இடம் இருந்ததே. விசாகை ஐயா சொன்ன அந்த உலர்ந்த படுக்கைகள் இருந்த கப்பலில்தான் அவர்களை அடைத்தார்கள்.

கோணேசர்பூமி எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்ல வார்த்தை போதாது. நீலவிளிம்பு அவர்களின் கேள்வியை நேற்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அம்மாவின் சின்ன வயதில் அம்மப்பா அவருக்கு மரத்தில் ஒரு கப்பல் செதுக்கிக் கொடுத்தாராம். 1990இல் இடம்பெயர்ந்தபோது அது வீட்டோடு போய்விட்டது. ஆனால் அதன் நடுவில் ஒரேயொரு தடித்த புகைபோக்கி நின்றதையும், விலாவில் ஆணியடித்து நூலால் கட்டிய சிறு நீர்மூழ்கிகள் ஆறு கிடந்ததையும் அம்மா தெளிவாகச் சொன்னார். அந்த நூலை அவிழ்த்து விளையாடினால் அம்மப்பா திரும்பவும் எடுத்துக் கட்டிவிடுவாராம்.

ஆகவே செதுக்கியது மெய்ட்ஸ்டோனையே என்றும், கிழிந்து வந்தது அடமண்டின் பிள்ளை என்றும் எழுதி வைக்கப் போகிறேன்.