புதுப்பிப்பு: இராஜபாளையம் நாயின் பிரசவச் செலவு

என் வெள்ளை இராஜபாளையம் நாயை இனச்சேர்க்கைக்கு விட்டால் செலவு எவ்வளவு ஆகும் என்று முன்பு கேட்டிருந்தேன். இனச்சேர்க்கை நடந்த 62ஆம் நாள் அவள் உடல் வெப்பம் 99 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கியது. மறுநாள் விடியற்காலையில் ஈனத் தொடங்கினாள். நான்கு குட்டிகளுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் முக்கியும் எதுவும் வரவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினோம். அறுவை சிகிச்சை, மருந்து எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். வயிற்றிலிருந்த இரண்டில் ஒன்று பிழைக்கவில்லை. இன்னும் மனம் ஆறவில்லை.

இப்போது ஐந்து வாரம். ஒரு குட்டிக்குக் காது கேட்கவில்லை, பின்னால் தட்டு விழுந்தாலும் திரும்புவதில்லை. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை என்றார் மருத்துவர். அது என்னிடமே வளரும். மற்ற நான்கையும் குடற்புழு மருந்தும் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய்க்கான தடுப்பூசியும் முடிந்த பிறகே கொடுப்பேன். தாய்க்கு உடல் தேறியதும் கருத்தடை.